விண்வெளிப் பாதுகாப்புச் சட்டம்: வாசகர் கேள்வி-பதில்

கே: சட்டம் படிக்கிறேன். விண்வெளிப் பாதுகாப்புச் சட்ட ஆய்வாளராக வேண்டுமானால் இயற்பியலும் படிக்க வேண்டுமா, ஐயா? (சாட்ஸ்வர்த்)

ப: வேண்டியதில்லை. பொதுச் சர்வதேசச் சட்டத்தில் பிடிப்பு இல்லாமல் மட்டும் வராதீர்கள். சட்ட மாணவர்கள் விண்வெளிச் சட்ட வழக்கொன்றை வாதிடும் 'மன்ஃபிரட் லாக்ஸ்' மாதிரி-வழக்குமன்றப் போட்டிக்கு ஆப்பிரிக்கச் சுற்றும் உண்டு. அதற்கு ஒருமுறை வாதவுரை எழுதிப் பாருங்கள்.

கே: 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தமே விண்வெளியில் ஆயுதங்களைத் தடை செய்துவிட்டதே, இனி ஆய்வாளருக்கு என்ன வேலை? (பீனிக்ஸ்)

ப: இந்த வாசகம் ஓயாமல் வருகிறது, எங்கே படித்ததென்று மட்டும் எவரும் எழுதுவதில்லை. அணு ஆயுதங்களையும் பிற பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையிலோ விண்கோள்களிலோ வைப்பதை நான்காம் பிரிவு தடுக்கிறது. நிலவிலும் பிற கோள்களிலும் ராணுவத் தளம், ஆயுதச் சோதனை கூடாது என்கிறது. சாதாரண ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் நிறுத்துவது பற்றியோ, ஒரு நாடு தன் செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் உடைப்பது பற்றியோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. சீனா 2007இலும், அமெரிக்கா 2008இலும், இந்தியா 2019இலும், ரஷ்யா 2021இலும் உடைத்தன. ரஷ்யச் சோதனையில் கண்காணிக்கத்தக்க சிதறல்களே 1,500க்கு மேல். பிற நாடுகளின் நலன்களுக்கு உரிய கவனம் தர வேண்டும் என்று ஒன்பதாம் பிரிவு கோருவதை இவை மீறினவா என்பதில் சட்ட அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை; ஆய்வாளருக்கு வேலை அங்கேதான் இருக்கிறது. 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இத்தகைய அழிப்புச் சோதனைகளைக் கைவிடுமாறு 150க்கு மேற்பட்ட வாக்குகளால் கேட்டுக்கொண்டது. அது தீர்மானம், ஒப்பந்தம் அன்று. 1967 ஒப்பந்தத்தில் மொத்தமே 17 பிரிவுகள்தாம். மூலத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கே: சான்சாவில் (தென்னாப்பிரிக்க தேசிய விண்வெளி நிறுவனம்) உரிமம் வழங்கும் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: சான்சா விண்வெளிப் பணிகளை நடத்தும் நிறுவனம். உரிமம் வழங்குவது 1993ஆம் ஆண்டு விண்வெளி விவகாரச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நேர்காணலுக்குப் போகாதீர்கள்.

கே: ராக்கெட் துண்டு என் நிலத்தில் விழுந்தால் நான் யார்மீது வழக்குத் தொடுப்பது? (டோங்காட்)

ப: கற்பனைக் கேள்வி அன்று, 2000 ஏப்ரலில் அமெரிக்க டெல்டா ராக்கெட்டின் எரிபொருள் தொட்டி உள்ளிட்ட துண்டுகள் கேப் டவுன் சுற்றுவட்டாரத்தில் விழுந்தன. தரையில் நேரும் சேதத்துக்கு, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏவிய நாடே பொறுப்பு என்கிறது 1972ஆம் ஆண்டுப் பொறுப்பு ஒப்பந்தம். ஆனால் அதன்கீழ் இழப்பீடு கோருவது அரசு, நீங்கள் அல்ல. இதற்கும் மூலத்தைப் படியுங்கள்.

கே: தென்னாப்பிரிக்கா அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா? (லெனேசியா)

ப: எந்த ஒப்பந்தத்தில்? 1967 என்றால் ஆம். 1979ஆம் ஆண்டின் நிலவு உடன்பாடு என்றால் இல்லை.