கடலோரப் பார்க் ஹோம்: வீடு எங்களுடையது, காணி யாருடையது?

ஈஸ்ட் ஹாமில் முப்பது வருடம் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஆறு வருடத்துக்கு முன் நானும் மனைவியும் மேற்கு சசெக்ஸ் கரையோரம் ஒரு பார்க் ஹோமுக்கு, அதாவது செய்து கொண்டுவந்து ஒரு தனியார் பார்க்கில் வைக்கும் வீட்டுக்கு, வந்தோம். இங்குள்ள குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேலையும் என் தலையில்தான். இப்படியொரு வீடு வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் விதிகள் வேறு.

ஹேய்ஸிலிருந்து ஒருவர்: இரண்டு அறை வீடு 180,000 பவுண் என்கிறார்கள். அதே ஊரில் செங்கல் பங்களா இதைவிட எவ்வளவோ கூட. எங்கே ஓட்டை?

ஓட்டை காணியில், அண்ணா. வீடு மட்டும்தான் உங்களுடையது, அது நிற்கும் நிலம் பார்க் உரிமையாளருடையது. சட்டத்தின் கண்ணில் இது ஒரு கரவன்தான்: அடியில் இரும்புச் சட்டம், 20 மீட்டர் நீளமும் 6.8 மீட்டர் அகலமும் தாண்டக் கூடாது. ஸ்டாம்ப் டியூட்டி இல்லை, கவுன்சில் டாக்ஸ் பெரும்பாலும் ஏ பிரிவு, அதாவது ஆகக் குறைந்தது. ஆனால் வங்கியில் வழக்கமான மோர்ட்கேஜ் கிடைக்காது. செங்கல் வீடு மாதிரி விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் லண்டன் வீட்டை நாங்களே பார்ட் எக்ஸ்சேஞ்சில், அதாவது விலைக்கு ஈடாக, எடுத்துக்கொள்கிறோம் என்று பார்க் ஹோம் விற்பவர்கள் வருவார்கள். கரைச்சல் இல்லாத வழிதான், ஆனால் அந்த வசதிக்கான விலையை உங்கள் வீட்டிலிருந்தே கழிப்பார்கள். முதலில் இரண்டு ஏஜென்டுகளிடம் வீட்டின் மதிப்பைக் கேளுங்கள்.

க்ரொய்டனிலிருந்து ஒரு அக்கா: மேற்கு சசெக்ஸில் செல்சி (Selsey) பக்கம் 70,000 பவுணுக்கு ஒன்று பார்த்தோம். விற்பவர், "பதினொரு மாதம் இருக்கலாம், மிச்ச ஒரு மாதம் மகளோடு இருங்கள்" என்கிறார்.

அக்கா, தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். அது விடுமுறைப் பார்க். குடியிருப்புப் பார்க் வேறு, விடுமுறைப் பார்க் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதே பூந்தொட்டி, அதே வெள்ளை வேலி. 1983ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டம் தரும் பாதுகாப்பு குடியிருப்புப் பார்க்குக்குத்தான். அங்கே நீதிமன்றமோ தீர்ப்பாயமோ இல்லாமல் உங்களை யாரும் எழுப்ப முடியாது. விடுமுறைப் பார்க்கில் இத்தனை வருடத்துக்கு என்று ஒரு லைசென்ஸ் தருவார்கள். அது முடிந்தால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லலாம்.

எங்கள் ஆட்கள் ஒருவரை எனக்குத் தெரியும். மகனின் முகவரியைக் கொடுத்து விடுமுறைப் பார்க்கில் நாலு வருடம் இருந்தார். ஒருநாள், நிரந்தர வீடு வேறெங்கோ இருக்கிறது என்று காட்ட வேறு முகவரியின் கவுன்சில் டாக்ஸ் பில்லைக் கொண்டுவா என்றார்கள். அதோடு முடிந்தது கதை. அவர் போட்ட காசில் பாதிகூடத் திரும்ப வரவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவரிடம் கேட்காதீர்கள், கவுன்சிலிடம் கேளுங்கள். பார்க்கின் சைட் லைசென்ஸ், அதாவது பார்க் நடத்தும் அனுமதிப் பத்திரம், அவர்களிடம் இருக்கும். பன்னிரண்டு மாதமும் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி என்று அதில் இருக்க வேண்டும். வீடும் நிரந்தரமாகக் குடியிருப்பதற்கான பிஎஸ் 3632 என்ற பிரித்தானியத் தரத்தில் கட்டியதா என்று பாருங்கள், குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் தெரியும். பார்க்கிடமே புதிதாக வாங்கினால், கையெழுத்துக்கு 28 நாள் முன்பே எழுத்து ஒப்பந்தத்தை உங்கள் கையில் தர வேண்டும். அந்த 28 நாளில் ஒரு சொலிசிட்டரிடம் வடிவாகக் காட்டுங்கள்.

டூட்டிங்: காணி வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றுவார்களா?

பிட்ச் ஃபீ என்பார்கள். எங்களுக்கு மாதம் 240 பவுண். வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம். 2023 ஜூலை 2 முதல் சிபிஐ என்ற விலைவாசிக் குறியீட்டை வைத்துத்தான் பொதுவாகக் கணக்கு. அதற்கு முன் ஆர்பிஐ என்ற வேறொரு குறியீடு இருந்தது, அது வழக்கமாகக் கொஞ்சம் கூடவே ஏறும். சிபிஐ 3 சதவீதம் என்றால் எங்கள் 240, 247.20 ஆகும்.

ஏற்ற விரும்பினால் 28 நாள் முன்பே குறிப்பிட்ட படிவத்தோடு அறிவிப்பு வர வேண்டும். சம்மதம் இல்லையென்றால் பழைய தொகையையே கட்டிக்கொண்டிருங்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளும் வரை, அல்லது தீர்ப்பாயம் சொல்லும் வரை தொகை ஏறாது. ஒரு பென்னிகூடக் கட்டாமல் விடுவது மட்டும் வேண்டாம், நிலுவை வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஹரோ: பிறகு விற்க நினைத்தால்?

இதைத்தான் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. விற்ற விலையில் 10 சதவீதம் வரை பார்க் உரிமையாளருக்குப் போகும். 180,000க்கு விற்றால் 18,000 பவுண். அவர் ஆள் பிடித்துத் தரவில்லை, விளம்பரம் செய்யவில்லை, ஆனாலும் போகும். எனக்கு இன்றுவரை அது வயிற்றெரிச்சல்தான், ஆனால் சட்டம் அனுமதிக்கிறது.

முன்பு இதைவிட மோசம். வாங்க வருகிறவரை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்று இருந்தது. சிலர் வருகிறவர்களையெல்லாம் விரட்டிவிட்டு, கடைசியில் தாங்களே அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். 2013 மே மாதம் வந்த சட்டம் அந்தக் கதவை மூடியது. அதற்குப் பிறகான ஒப்பந்தம் என்றால் உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. பழைய ஒப்பந்தத்தில் அவருக்கு 21 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் அவர்தான் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

இல்ஃபோர்ட்: எங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு?

துணைக்கோ, உங்கள் கடைசிக் காலத்தில் கூடவே குடியிருந்த உறவினருக்கோ ஒப்பந்தம் அப்படியே போகும். தனியே இருக்கும் பிள்ளைக்கு உயிலில் எழுதினால், வீட்டை விற்கும் உரிமை வரும், குடியேறும் உரிமை தானாக வராது. விற்கும்வரை பிட்ச் ஃபீயும் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளை உட்காரவைத்து இப்போதே சொல்லிவிடுங்கள்.

வெம்பிளி: குளிர் ஆறு மாதம் யாழ்ப்பாணத்தில் இருக்கலாம் என்று நினைக்கிறோம். அந்த நேரம் வாடகைக்கு விடலாமா?

விட முடியாது. அது உங்கள் பிரதான வீடாக இருக்க வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் அடிப்படை. போய்வரலாம், ஆனால் பல காப்புறுதிகள் ஒரு மாதத்துக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்கு நிபந்தனை போடும். தண்ணீர்க் குழாயை வடித்து மூடிவிட்டுப் போங்கள். பென்ஷன் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரச உதவி எடுப்பவர்கள் கவனம்: வழக்கமாக நாலு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் நின்றுவிடும்.

சவுத்தெண்டிலிருந்து ஒரு தங்கச்சி: கனடாக்காரர் கருவாடு அனுப்புகிறார்கள். பொரிக்கலாமா?

சிரிப்புக்குக் கேட்டாலும் நியாயமான கேள்வி. வீட்டுக்கு வீடு பொதுவாக 6 மீட்டர் இடைவெளி. காற்று கடல் பக்கம் அடிக்கும் நாளில் பொரியுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா முதலில் முகம் சுளித்தார். இப்போது மீன் குழம்பு வைத்தால் கிண்ணத்தோடு வருகிறார்.

பலவிடங்களில் குழாய் காஸ் கிடையாது, சிலிண்டர்தான். அதையும் வீட்டைப் பார்க்கும்போதே கேளுங்கள். பேரப்பிள்ளை, நாய், இரண்டாவது கார் எல்லாம் பார்க் விதிகளில் இருக்கும். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் என்ற பார்க்குகள் ஏராளம்.

டார்ட்ஃபோர்ட்: கடலுக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்?

ஜன்னலில் கடல் தெரியும் வீட்டுக்கு ஆசைப்படாதவர் யார்? 1953 ஜனவரி 31 இரவு கடல் ஏறியபோது எசெக்ஸ் கரையோரக் கான்வி தீவில் மட்டும் 58 பேர் இறந்தார்கள். இன்று அங்கே பெரிய தடுப்புச் சுவர் இருக்கிறது. நோர்ஃபோக்கில் ஹெம்ஸ்பியில் மணல்மேட்டின் மேல் நின்ற வீடுகளைக் கடல் அண்மைக் காலத்திலும் அரித்துக்கொண்டிருக்கிறது. அரசின் வெள்ள அபாயத் தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டுப் பாருங்கள், பிறகு காப்புறுதிக்காரரிடம் விலை கேளுங்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். வாங்கும் முன் வீட்டின் அடியை மறைக்கும் பாவாடைச் சுவரைத் திறந்து அடிச்சட்டத்தைப் பார்க்க ஒரு சர்வேயருக்குக் காசு கொடுங்கள். நாங்கள் பத்து நிமிடம் நடந்தால் கடல். அது போதும்.

லூட்டனிலிருந்து ஒரு அம்மா: கார் ஓட்டுவது அவர்தான். அவருக்குப் பிறகு நான் தனியே இருப்பேனா?

வந்த கேள்விகளில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான், அம்மா. இங்கே பக்கத்து வீட்டார் கதவைத் தட்டி நலம் கேட்பார்கள். ஆனால் தமிழ்க் கடை, கோயில், தமிழில் கதைக்க ஒரு ஆள், எல்லாம் தூரம். என் மனைவி முதல் வருடம் முழுக்க போனோடுதான் இருந்தார்.

வாங்குவதற்கு முன் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள், கணவரைக் காரை எடுக்கவிடாமல். இலவச பஸ் பாஸ் வார நாளில் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் செல்லும். பார்க் வாசலில் பஸ் ஏறி ஜிபி டொக்டரிடமும் ஆஸ்பத்திரிக்கும் போய், மருந்து வாங்கி, இருட்டுவதற்குள் திரும்பி வர முடிகிறதா என்று பாருங்கள். அன்றே மழை பெய்தால் இன்னும் நல்லது.