ஏற்காட்டுக் காபித் தோட்டமும் அமெரிக்க வாரிசு வரியும்

தம்பி, நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கிறது. ஏற்காட்டில் அப்பா பெயரில் காபித் தோட்டம். நீங்கள் ஹெச்1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து சில மாதம்தான் ஆகிறது. 'அமெரிக்காக்காரன் சொத்துல பாதியைப் பிடிச்சுக்குவான், இப்பவே உன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடறேன்' என்கிறார் அப்பா. அமெரிக்காவின் அந்த எஸ்டேட் வரியையே ரத்து செய்யப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதே, பொறுத்துப் பார்க்கலாமா என்கிறீர்கள். அந்த ரத்துக்காக நீங்கள் காத்திருக்க வேண்டிய வேலையே இல்லை. உயிரோடிருக்கும்போதே தானமாகக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் மட்டும் எழுதவிடாதீர்கள்.

அப்பா சொல்லும் 'பாதி' 2024 தேர்தல் சமயத்தில் காங்கிரஸின் சாம் பித்ரோடா சொன்ன 55 சதவீதத்திலிருந்து வந்திருக்கும். கணக்கு அதுவல்ல. அமெரிக்க மத்திய அரசின் எஸ்டேட் வரி அதிகபட்சம் 40 சதவீதம். அதுவும் 2026இல் 1.5 கோடி டாலர் விலக்குக்கு மேலுள்ள தொகைக்குத்தான். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தால் 3 கோடி. இங்கே ஆயிரம் பேர் இறந்தால் ஒன்றிரண்டு குடும்பம் கட்டினாலே அதிகம். தவிர, வரி இறந்தவரின் சொத்துக்கு. வாங்குகிற பிள்ளைக்கு அல்ல. இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகனின் இந்திய நிலத்தை இந்த வரி தொடாது. நம் நாட்டு எஸ்டேட் டியூட்டியும் 1985லேயே போய்விட்டது.

1916இல் வந்த வரி இது. 'டெத் டாக்ஸ்' என்று பெயர் வைத்து ஒழிக்கப் பார்ப்பவர்கள் முன்னே நிறுத்துவது விவசாயக் குடும்பத்தை: நிலம் கோடிக்கணக்கில், கையில் ரொக்கம் இல்லை, வரி கட்ட நிலத்தையே விற்க வேண்டும். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது புரியாமல் போகாது. ஆனால் அதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது. பண்ணையைச் சந்தை விலைக்குப் பதில் விவசாய மதிப்பில் கணக்கிடலாம் (குறைப்புக்கு உச்சவரம்பு உண்டு). தகுதியிருந்தால் வரியை 14 வருடம் வரை நீட்டித் தவணையில் கட்டலாம். எதிர்த்தரப்பு சொல்வது எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. பெரும் பணக்காரர் சொத்தில் பெரும்பகுதி, ஏறியும் விற்காமல் வைத்திருக்கும் பங்குகள். விற்காததால் லாபவரி இல்லை. இறந்ததும் வாரிசின் வரிக்கணக்கில் வாங்கிய விலை அன்றைய சந்தை விலைக்கு உயர்ந்துவிடும், ஸ்டெப்-அப் என்பார்கள். எஸ்டேட் வரியும் போனால் அந்த லாபத்துக்கு எந்தக் காலத்திலும் வரி கிடையாது.

2010இல் இறந்தவர்களுக்கு மட்டும் ஒரு வருடம் நிஜமாகவே ரத்தாக இருந்தது. அப்போது ஸ்டெப்-அப்பையும் வெட்டினார்கள்: 13 லட்சம் டாலர் வரை, துணைக்குப் போனால் மேலும் 30 லட்சம், மிச்சத்துக்கு இறந்தவர் வாங்கிய பழைய விலைதான். அடுத்த ரத்து மசோதா வந்தால் முதலில் இந்தப் பகுதியைப் படியுங்கள். உங்களைப் போன்றவரைத் தொடக்கூடியது அதுதான்.

உங்களுக்கு நெருக்கமான எண் 60,000 டாலர். அமெரிக்காவை நிரந்தர வாழிடமாகக் கொள்ளாத வெளிநாட்டவர் இறந்தால் 1.5 கோடி விலக்கு இல்லை. இங்குள்ள சொத்தில் 60,000 மட்டுமே விலக்கு. வருமான வரிக்கு நாள் எண்ணுவது போல இதற்கு எண்ண முடியாது, இங்கேயே தங்கும் எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்கள். வீடு, அமெரிக்கக் கம்பெனிப் பங்கு, 401கே ஓய்வூதியச் சேமிப்பு எல்லாம் கணக்கில் வரும். சாதாரண வங்கி டெபாசிட்டும் ஆயுள் காப்பீட்டுத் தொகையும் வராது. கடன் ஏதுமில்லாமல் 4 லட்சம் டாலர் பங்கு இருந்தால் வரி சுமார் 1,08,800 டாலர். இந்தியாவோடு எஸ்டேட் வரி ஒப்பந்தம் இல்லை என்பதால் ஒப்பந்தச் சலுகையும் கிடையாது. பங்குகளை இங்கே போட்டுவிட்டுச் சேலத்துக்கே திரும்பிப் போனவர்கள் மாட்டுவது இதில்தான். அப்பா சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்தபடி மொபைல் ஆப்பில் அமெரிக்கப் பங்கு வாங்கியிருந்தாலும் இதே விதி, கேட்டுவிடுங்கள். மனைவி குடிமகள் இல்லையென்றால் அவருக்குப் போகும் சொத்துக்கு வரம்பில்லா விலக்கும் கிடையாது.

இனி தோட்டம். வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. அந்நியச் செலாவணி விதி. வாரிசாக மட்டும் பெறலாம். செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகிவிட்டாலும், பின்னால் விற்று வங்கியில் பணத்தை அனுப்பக் கேட்கும்போது கழுத்தைப் பிடிக்கும். அதோடு, உயிரோடு கொடுத்தால் அமெரிக்கக் கணக்கில் அப்பா வாங்கிய பழைய விலையே உங்கள் விலை. உயிலில் வந்தால் இறந்த நாள் சந்தை விலை. ஆக, உயில்தான், பதிவு செய்த உயிலாக இருக்கட்டும்.

காலம் வரும்போது ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று அலைவதோடு, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் இறந்த தேதிக்கான அறிக்கையும் வாங்குங்கள். வழிகாட்டி மதிப்பைப் போட்டு முடிக்கவிடாதீர்கள், அது குறைவாக இருந்தால் பின்னால் விற்கும்போது இங்கே லாபம் அத்தனைக்குப் பெருகும். நிலம், பங்களா, பழத்தோல் நீக்கும் பல்பர் கொட்டகை, காயவைக்கும் களம், சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடி எல்லாம் தனித்தனியாக வரட்டும். மரத்தை மட்டும் வெட்டி விற்றால் அதன் விலை தெரிந்திருக்க வேண்டும். டாலராக்க, இறந்த நாள் மாற்று விகிதம்.

வெளிநாட்டவரிடமிருந்து தானமாகவோ வாரிசாகவோ ஒரே வருடத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் பெற்றால் அமெரிக்க வருமான வரித் துறையிடம் படிவம் 3520 போட வேண்டும். வரி இல்லை, தகவல் மட்டும். 'வரிதான் இல்லையே' என்று விட்டால் அபராதம் மாதம் 5 சதவீதம், 25 வரை ஏறும். வருமான வரி தாக்கல் செய்யும் கெடுதான் இதற்கும்.

தோட்டம் உங்கள் கைக்கு வந்தபின் பழமாக விற்கும் காபிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, இங்கே உண்டு. அங்கே கட்டாததால் கழித்துக்கொள்ளவும் எதுவும் இராது. விற்க நினைத்தால் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே விற்கலாம். பணம் என்ஆர்ஓ என்னும் வெளிநாடு வாழ் இந்தியர் வங்கிக் கணக்கில் விழும், வருடம் 10 லட்சம் டாலர் வரை ஆடிட்டர் சான்றோடு கொண்டுவரலாம்.

எந்த மாநிலம் என்று நீங்கள் சொல்லவில்லை. டெக்சாஸ், கலிபோர்னியாவில் மாநில எஸ்டேட் வரி இல்லை. ஒரேகானில் 10 லட்சம் டாலரிலேயே தொடங்கிவிடும். தலைநகரில் மத்திய அரசு எதை ரத்து செய்தாலும் ஒரேகானில் இது நிற்கும்.