உள்ளாட்சிகளுக்கு அவசரக் கடன் தர யார் ஒப்புதல் கொடுக்கிறார்கள்? அமெரிக்காவில் விதிகள் எப்படி?

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். எனக்கு நன்றாகத் தெரிந்த மிச்சிகன் மாநிலத்தை வைத்தே சொல்கிறேன்.

அங்கே 1980-இல் வந்த அவசர நகராட்சிக் கடன் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. பட்ஜெட்டில் துண்டு விழுந்து திண்டாடும் ஊர், துண்டை எப்படி அடைக்கப் போகிறோம் என்ற திட்டத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் தருவது மூன்று பேர் கொண்ட கடன் வாரியம்: மாநிலக் கருவூலத் தலைவர், அப்புறம் இரண்டு துறைகளின் இயக்குநர்கள். மூவருமே ஆளுநர் நியமிப்பவர்கள். (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் மாதிரி.)

யாருக்குக் கடன், எவ்வளவு, என்ன வட்டி என்பதில்தான் எல்லோர் கவனமும் போகிறது. என்னைக் கேட்டால், கடனோடு கூட வரும் நிபந்தனையைத்தான் முதலில் படிக்க வேண்டும். அதே மிச்சிகனில் இருக்கும் ஃபிளின்ட் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள்.

ஃபிளின்ட் கடனில் மூழ்கியதால், மாநில அரசு அங்கே ஓர் அவசரகால மேலாளரை உட்கார வைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் நகர மன்றமும் பேருக்குத்தான் இருந்தார்கள். செலவைக் குறைக்க, 2014 ஏப்ரலில், டெட்ராய்ட் நகரத்திடமிருந்து வாங்கிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில், இந்தத் தண்ணீர் இயந்திர பாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி அங்கிருந்த தன் ஆலைக்கு அதை வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது. குழந்தைகள் மட்டும் அதையே குடித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு ஆறுவதில்லை.

2015 மார்ச்சில் நகர மன்றம் 7-க்கு 1 என்று வாக்களித்து, டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பச் சொன்னது. செலவைக் காரணம் காட்டி மேலாளர் மறுத்துவிட்டார். ஏப்ரல் கடைசியில் மாநிலம் 70 லட்சம் டாலர் அவசரக் கடன் கொடுத்தது. துண்டு அடைபட்டது, மேலாளரும் வெளியேறினார். ஆனால் அந்தக் கடன் ஒப்பந்தத்தில், மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது, தண்ணீர்க் கட்டணத்தையும் குறைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. ஊருக்காகக் கையெழுத்துப் போட்டவர் மாநிலம் நியமித்த மேலாளர். ஒப்புதல் தந்தவர்களும் மாநிலத்தின் ஆட்கள். ஊர் மக்கள் சார்பில் அந்த மேஜையில் யாருமே இல்லை.

அக்டோபரில் வேறு வழியில்லாமல் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பினார்கள். அதற்கு ஆன 1.2 கோடி டாலரில் பாதியை மாநிலமே கொடுத்தது. கடனாகக் கொடுத்த தொகையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் குறைவு.

நிபந்தனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 கொரோனா சமயத்தில் அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ், மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் 50,000 கோடி டாலர் வரை கடன் தரத் தயாராக இருந்தது. வேறெங்கும் போதுமான கடன் கிடைக்கவில்லை என்று உறுதி கொடுக்க வேண்டும், வட்டியும் சந்தையைவிட அதிகம். கடைசியில் வாங்கியது இல்லினாய் மாநிலமும் நியூயார்க் போக்குவரத்து ஆணையமும் மட்டும்தான். கடுமையான விதிதான், ஆனால் பணத்தோடு நின்றுகொண்டது. எந்த ஊர் எந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

விதி எழுதும் இடத்தில் நான் இருந்தால் இரண்டு விஷயம் சேர்ப்பேன். குடிநீர், சுகாதாரத்தைத் தொடும் எந்த நிபந்தனையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் வாக்கு இல்லாமல் செல்லக் கூடாது. மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்று தெரிந்த உடனேயே, யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த நிபந்தனை தானாகக் காலாவதி ஆக வேண்டும்.