பொதுச்சுவரில் கை வைக்கும் முன் பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ் தர வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தெரஸ் வீட்டுச் (ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு) சமையலறையைப் பின்னால் நீட்ட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பொதுச்சுவர் என்றால் இரண்டு வீடுகளையும் பிரிக்கிற, இரண்டையும் தாங்குகிற ஒரே சுவர். மலேசியாவின் 1984 கட்டட விதிகள்படி அதன் கனம் பொதுவாக 200 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஒரே கம்பத்தில் இரண்டு வீட்டுத் துணிக்கொடியும் கட்டியிருந்தால், நீங்கள் கம்பத்தை அசைக்கும்போது அடுத்த வீட்டுச் சேலைதான் சேற்றில் விழும். சுவரும் அப்படித்தான். இங்கே பீம் செருகத் துளை போட்டால், அங்கே சாமி மாடத்துக்கு மேல் மயிரிழையாக விரிசல் ஓடும்.

அதனால்தான் 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, வேலை தொடங்கும் முன்பே ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதியைக் கேட்கிறது. பல மன்றங்கள் பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கும். கடிதத்தோடு நிற்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு, சுவரை இருபக்கமும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். பழைய விரிசல் எது, புது விரிசல் எது என்ற சண்டை அப்புறம் வராது. என்னைக் கேட்டால், கையெழுத்தைவிட இதுதான் முக்கியம்.

இணையத்தில் பார்த்துவிட்டு ‘இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும்’ என்று சிலர் நம்புகிறார்கள். அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1996 பொதுச்சுவர்ச் சட்டம், இங்கே மன்ற அனுமதிக்கு ஈடாகாது.