கேளுங்கள், சொல்கிறேன்: ஆலயத்துக்கு டைல்ஸா, ஏழைக்கு அரிசியா?

கேள்வி (சாத்தூர் வாசகர்): எங்கள் சபையின் கமிட்டிக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஆலயத்துக்கு டைல்ஸ் போடுவதா, ஊரில் வேலை இழந்த குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி கொடுப்பதா என்று. “ஆராதனை சபையின் வேலை, வறுமை ஒழிப்பு அரசாங்கத்தின் வேலை” என்கிறார் பெரியவர் ஒருவர். இரண்டையும் சேர்த்துச் செய்த ஊழியம் உண்டா?

பதில்: உண்டு தம்பி. சாத்தூர்க்காரர் கேட்டதால் தீப்பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

19ஆம் நூற்றாண்டின் கிழக்கு லண்டனில் தீக்குச்சி மருந்துக்கு வெள்ளை பாஸ்பரஸைத்தான் பயன்படுத்தினார்கள். விலை மலிவு, ஆனால் புகை விஷம். அந்த வேலை செய்த பெண்களுக்கு முதலில் பல்வலி வரும். பிறகு ஈறு வீங்கிச் சீழ் வடியும். கடைசியில் தாடை எலும்பே அழுகும். நாற்றம் தாங்காமல் சொந்த வீட்டாரே ஒதுங்கிப்போவார்கள். தாடையை அறுத்தெடுப்பதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. சிவப்பு பாஸ்பரஸில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அதற்குச் செலவு கூடுதல் என்பதால் முதலாளிகள் மாறவில்லை.

1891இல் லண்டனின் ஓல்டு ஃபோர்டு என்ற இடத்தில் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ ஊழியம் சொந்தமாக ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை திறந்தது. சிவப்பு பாஸ்பரஸ் மட்டுமே. பெரிய கம்பெனியில் ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இரண்டரை பென்ஸ் கூலி என்றால், இங்கே நான்கு பென்ஸ். குரோஸ் கணக்கு உங்கள் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சேனையின் தலைவர் வில்லியம் பூத், பாராளுமன்ற உறுப்பினர்களையும் பத்திரிகைக்காரர்களையும் இந்தத் தொழிற்சாலைக்கு அழைத்துவந்து காட்டினார். வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய குடும்பங்களின் வாசலுக்கும் அழைத்துப்போனார். விலைப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் 1901இல் தொழிற்சாலை கைமாறியது. ஆனால் பிரிட்டனில் வெள்ளை பாஸ்பரஸைத் தடைசெய்யும் சட்டம் 1908இல் நிறைவேறியது. அதற்கான பொதுக்கருத்தை உருவாக்கியதில் இந்தச் சேனைக்கும் பங்குண்டு.

இதைச் செய்தவர்கள் யார்? தெருமுனையில் பறையடித்துப் பாட்டுப் பாடியவர்கள். கூடத்தில் முன்வரிசை மரபெஞ்சில் முழங்கால் போட்டு அழுதவர்கள். பூத் 13 வயதில் நாட்டிங்ஹாமில் அடகுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஏழை வீட்டுச் சாமான் எப்படி ஒவ்வொன்றாக வெளியேறும் என்பதைக் கண்ணால் பார்த்தவர். 1865இல் அவரும் மனைவி கேத்தரினும் கிழக்கு லண்டனில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். 1878இல் அதற்கு இரட்சணிய சேனை என்று பெயர் வந்தது. கஞ்சிக்குப் பதிலாக ஜெபம் என்றோ, ஜெபத்துக்குப் பதிலாகக் கஞ்சி என்றோ அவர்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. உடுக்கத் துணியும் உண்ண ஆகாரமும் இல்லாதவனிடம் “சமாதானத்தோடே போ” என்று மட்டும் சொன்னால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறாரே, அந்த நிருபத்தை உங்கள் பெரியவரிடம் எடுத்துக் கொடுங்கள். டைல்ஸ் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம். அரிசியை இந்த மாதமே கொடுங்கள்.

கேள்வி (நாசரேத் வாசகி): லண்டனில் தொடங்கியது கடல் கடந்து நம் ஊருக்கு எப்படி வந்தது? பணம் யார் கொடுத்தார்கள்?

பதில்: ஃபிரெடரிக் டக்கர் என்று ஓர் ஐ.சி.எஸ். (இந்திய சிவில் சர்வீஸ்) அதிகாரி இருந்தார். அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, 1882 செப்டம்பரில் மூன்று பேரோடு பம்பாயில் வந்து இறங்கினார். பிறகு காவி உடுத்து, வெறுங்காலோடு நடந்து, ஃபக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் இப்படித் தெருவில் நடப்பதை ஆங்கிலேய அதிகாரிகளால் பொறுக்க முடியவில்லை. ஊர்வலம் போனதற்காகக் கைது செய்தார்கள். அப்போது சேனைக்காகக் குரல் கொடுத்தவர்களில் பிரம்ம சமாஜம் என்ற இந்து சீர்திருத்த இயக்கத்தின் கேசவ சந்திர சென்னும் ஒருவர்.

பணத்துக்கு வருகிறேன். 1886இல் வெளிநாட்டு ஊழியத்துக்கு நிதி கேட்டு லண்டனில் ஒரு கூட்டம் நடந்தது. ஜான் கார்ல்டன் என்ற சேனை அதிகாரியிடம் கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லை. ஒரு வருடம் தினமும் சாப்பாட்டுக்குப் பின் புட்டிங் சாப்பிடாமல் இருந்தால் 50 ஷில்லிங் மிச்சமாகும், அதைத் தருகிறேன் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். பூத் அதைப் படித்துவிட்டு, வருடம் முழுவதும் வேண்டாம், எல்லோருமாக ஒரு வாரம் எதையாவது விட்டுக்கொடுப்போம் என்றார். அப்படித்தான் சேனையில் வருடம் ஒரு வாரம் எதையாவது விட்டுக்கொடுத்துச் சேர்க்கும் காணிக்கை ஆரம்பித்தது. இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளில் வேலை செய்யும் சேனையில் அந்த வழக்கம் இன்னும் நிற்கிறது. ஒரு நாட்டு மக்கள் விட்டுக்கொடுத்தது இன்னொரு நாட்டுக்குப் போகிறது.

நம் வீடுகளின் பிடி அரிசியும் இதே ஜாதிதான். என் அம்மா உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார். அரிசி தட்டுப்பாடான மாதத்திலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. எங்கள் தட்டில்தான் குறையும். சனிக்கிழமை சாயங்காலம் கலயத்தைப் பையில் கவிழ்த்து என் கையில் கொடுப்பார், மறுநாள் ஆலயத்துக்குக் கொண்டுபோக.

நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனையின் தொடக்கமும் இதே அளவுக்குச் சின்னதுதான். 1890களில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர், சேனை அலுவலகத்தின் குளியலறையை மருந்தறையாக்கி, வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுத்தார். பூத்தின் மகள் எம்மாவின் அரவணைப்பில் வளர்ந்தவர் அவர். பின்னாளில் 1919இல் வசீரிஸ்தானில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றும்போது உயிர்விட்டார்; பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கிடைத்தது. நான் பிறந்தது அந்த மருத்துவமனையில்தான். எங்கள் குடும்பம் வேறு சபை. அம்மாவிடம் அங்கே யாரும் எந்தச் சபை என்று கேட்கவில்லை.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): சோற்றைக் காட்டி மதம் மாற்றுவதற்கு நீங்கள் தொண்டு என்று பெயர் வைக்கிறீர்கள். சரியா?

பதில்: நியாயமான கேள்வி. நிபந்தனை போட்டுக் கொடுக்கும் சோறு தொண்டு அல்ல. 1890இல் பூத் எழுதியதைப் பாருங்கள். லண்டன் வண்டிக் குதிரை தெருவில் விழுந்தால், ஏன் விழுந்தாய் என்று கேட்காமல் தூக்கிவிடுகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தீனியும் கொட்டகையும் வேலையும் உண்டு. மனிதனுக்கு அவ்வளவாவது கிடைக்கட்டும் என்றார். பாகுபாடின்றி மனிதத் தேவையைச் சந்திப்பது என்பது சேனை தன் நோக்கமாகவே எழுதிவைத்திருக்கும் வாக்கியம்.

ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒவ்வாத ஒரு காலமும் அதன் வரலாற்றில் உண்டு. பிறந்த குழந்தையையே குற்றவாளியாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஆங்கிலேய அரசு அமைத்த குடியிருப்புகளில் சிலவற்றைச் சேனை ஏற்று நடத்தியது. ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் அவற்றில் ஒன்று. எருகுல மக்களை அங்கே குடியமர்த்தினார்கள். விவசாயம் செய்ய நிலம் கிடைத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. ஆனால் ஆஜர் கொடுக்காமல் இருக்க முடியாது, அனுமதியில்லாமல் வெளியூர் போக முடியாது. வாசல் சாவியைக் கையில் வைத்திருப்பவர் நடத்தும் ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்தவர், விரும்பித்தான் உட்கார்ந்தாரா என்று யாரால் சொல்ல முடியும்? நல்லெண்ணத்தோடு போனவர்கள் போலீஸின் வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஏழை எழுந்து வெளியே போக முடிய வேண்டும்; போன பிறகும் மறுநாள் அவருக்குச் சோறு கிடைக்க வேண்டும். நீங்கள் எந்த ஊழியத்தையும் இதை வைத்தே அளக்கலாம். நானும் அப்படித்தான் அளக்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகி): இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுப்பதில்லையாமே?

பதில்: ஆமாம், 1880களிலிருந்தே இல்லை. அந்த விஷயத்தில் எனக்கு அவர்களோடு உடன்பாடில்லை. ஆனால் பெண்கள் பிரசங்கிக்கலாமா என்று மற்ற சபைகள் விவாதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அங்கே பெண்கள் பிரசங்கித்தார்கள், தலைமையும் ஏற்றார்கள். அதற்குக் காரணம் கேத்தரின்.

கேள்வி (குவைத்திலிருந்து ஒரு செவிலியர்): இங்கே வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் காணிக்கை சேர்க்கிறோம். ஊரில் முதியோர் இல்லம் நடத்தும் ஓர் ஊழியத்துக்கு அனுப்ப ஆசை. எப்படி அனுப்புவது?

பதில்: உங்கள் ஆசை நல்லது அம்மா, ஆனால் கவனமாகச் செய்யுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நீங்கள் உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், சட்டம் அதை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதாது. ஆனால் குழுவில் பிலிப்பைன்ஸ், கென்யா நாட்டுச் சகோதரிகளும் காணிக்கை போட்டிருந்தால், அவர்கள் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற அந்த ஊழியத்துக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு அல்லது முன் அனுமதி இருக்க வேண்டும். பணமும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி பிரதான கிளையில் அவர்கள் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். போதகரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், எவ்வளவு பக்தியாகப் பேசினாலும் சரி. முதலில் கடந்த ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கேளுங்கள். விடுமுறைக்கு வரும்போது முன்கூட்டிச் சொல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இல்லத்துக்குப் போய், முதியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் அனுப்பலாம்.