காலை வைக்கும் இடம்

அன்புள்ள அக்கா,

லேப்டாப்பில் கோம் செய்கிறேன், நம் டர்பனில் பிறந்த எலக்ட்ரானிக் ஆட்ட இசை. போன மாதம் ஒரு பாட்டில் காவடி உறுமியைச் சேர்த்தேன். நண்பர்கள் ‘நல்லா இருக்கு, ஆனா இது கோம் இல்லை’ என்கிறார்கள். ஒரு இசை வகையின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டுமா? சுதந்திரம் கிடையாதா? எந்த மென்பொருள் நல்லது? கோயில் வாத்தியம் கிளப்பில் ஒலிப்பது தப்பா? பாட்டை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பி,

கோம் செய்த டர்பன் பையன்களுக்கு எஃப்எல் ஸ்டுடியோ போதுமாக இருந்தது. உனக்கும் போதும். உறுமி கிளப்புக்குப் போவதில் எனக்கு வருத்தமே இல்லை.

பாட்டை மூன்று தடவை கேட்டேன். சில நாளாகவே மாமாவின் நினைப்பாக இருந்தேன், நீயும் சரியாக உறுமியோடு வந்து சேர்ந்தாய்.

மாமா மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில் காவடிக்கு உறுமி வாசித்தவர். எனக்குப் பத்து வயதிருக்கும். அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் முன்னால், மாமா திடீரென அடியை மாற்றி வித்தை காட்டினார். அந்த அம்மா தடுமாறிக் காவடியோடு சாயப் போனார். மேளத்துப் பெரியவர் உறுமியைப் பிடுங்கிக்கொண்டு, “உன் அடிய நம்பித்தானேடா அவ கால வெச்சா” என்றார். அந்த வருஷம் முழுக்க மாமா தாளம்தான் போட்டார்.

இலக்கணம் என்று நீ சொல்வது எனக்கு அந்தக் கால்தான். உன் கணினி இசையிலும் அப்படித்தான். ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, பேஸ் கிட்டாருக்குப் பதிலாக வாசிக்கச் செய்த எலக்ட்ரானிக் பெட்டி. சரியாக விற்காமல் 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதன் குமிழ்களைத் திருகித் திருகி, 1987-ல் ஆசிட் ஹவுஸ் என்ற கிளப் ஆட்ட இசையைக் கொண்டுவந்தது. மேலே அந்தப் பெட்டி கிறுக்குப் பிடித்தாற்போல் கத்தியது. கீழே கிக்கின், அதாவது கனத்த டிரம்மின், சுற்றுக்கு நாலு சம அடியும் அசையவில்லை. நம் ஊர் கோம் அந்த நாலு அடியையே உடைத்தது. ஆனால் விட்ட இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது, ஆடுகிறவன் பழகிக்கொண்டான்.

உன் பாட்டில் உறுமி நாலே விநாடி. வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது வரும் முனகலைப் பாதியில் அறுத்திருக்கிறாய். அடுத்த அடி எங்கே விழும் என்று காலுக்குத் தெரியவில்லை. இலை ஓரத்து ஊறுகாய் மாதிரி வைத்துவிட்டு சுதந்திரம் பற்றிப் பேசுகிறாயே, கோபமாக வருகிறது. ஒரு காவடியிலாவது உறுமிக்காரர் பக்கத்தில் கடைசிவரை நின்றிருக்கிறாயா? அடுத்த தைப்பூசத்துக்குப் போய் நில். போனை வெளியே எடுக்காதே.

அப்புறம் ஒன்று. நடுவில் எல்லாம் அடங்கி, கிக் மட்டும் விட்டுவிட்டு விழுகிறதே, அங்கே நான் உட்கார்ந்தபடியே காலைத் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்று தடவையும். அந்த இடத்தில் உறுமியை முழுசாக விடு. எட்டுச் சுற்று, வெட்டாமல். முடித்ததும் எனக்கு அனுப்பு.

அக்கா