அவர்கள் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்

கேள்வி: சீக்கியர்களின் வேதமான குரு கிரந்த சாஹிபில் முஸ்லிம் ஞானி ஒருவரின் பாடல்களும் இருக்கின்றன. அப்படியானால் எல்லா மதமும் ஒன்று என்றுதானே அர்த்தம்? பிறகு எதற்குத் தலைப்பாகை, தாடி, கிர்பான் (இடுப்பில் அணியும் குறுவாள்) என்று இவ்வளவு பிடிவாதம்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: பிடிவாதத்தைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அவர்களிடம் பிடித்ததே அதுதான்.

'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் மீது எனக்குப் பழைய கோபம் உண்டு. முக்கால்வாசிப் பேர் எந்த மதத்தின் நூலையும் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சீக்கியர்களின் ஐந்தாம் குரு அர்ஜன் அந்த ரகம் இல்லை. 1604-இல் அவர் முடித்த தொகுப்பில், அதாவது இந்த வேதத்தின் முதல் வடிவில், நெசவாளர் கபீர் இருக்கிறார், தோல் வேலை செய்த ரவிதாஸ் இருக்கிறார், சூஃபி என்ற முஸ்லிம் ஞான மரபைச் சேர்ந்த பாபா ஃபரீதும் இருக்கிறார்.

ஃபரீத் ஓரிடத்தில் உருகுகிறார்: உடம்பு அடுப்பாகக் கொதிக்கட்டும், எலும்பு விறகாக எரியட்டும், கால் ஓய்ந்தால் தலையால் நடந்தாவது என் அன்பனைச் சேருவேன். (நமக்குக் காரைக்கால் அம்மையார் நினைவு வராமல் போகாது.) அதற்கு அடுத்த பாட்டு முதல் குருவான நானக்குடையது. உடம்பை ஏன் அடுப்பாக்குகிறாய், காலும் தலையும் உனக்கு என்ன கெடுதல் செய்தன, அவன் உனக்குள்ளேயே இருக்கிறான், பார் என்கிறார்.

ஃபரீதின் வரியை வெட்டவில்லை. ஒப்புக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அதை அப்படியே வைத்து, பக்கத்திலேயே பதிலையும் வைத்தார்கள். 'மாற்றுக் கருத்துக் கடிதங்களை ஏன் போடுகிறீர்கள்?' என்று என்னோடு வருஷக்கணக்காகச் சண்டை போடும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மதம் தன் வேதத்திலேயே மறுப்புக்கு இடம் தந்திருக்கிறது. நம் பத்திரிகையில் அரைப் பக்கம் தரக் கூடாதா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1945-இல் ஏற்கப்பட்ட சீக்கிய ரஹித் மர்யாதா என்ற நடத்தை விதித் தொகுப்பு, சீக்கியர் வேறு மதத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. தன் வழியில் அவ்வளவு உறுதி. ஆனால் அடுத்தவரை அவர் வழியிலிருந்து இழுப்பதில்லை. முஸ்லிமிடம் நானக் பாடியது, கருணையை உன் மசூதியாக்கு, உண்மையான நம்பிக்கையைத் தொழுகை விரிப்பாக்கு என்றுதான். தனக்குப் பூணூல் போட வந்தபோது, கருணையைப் பஞ்சாக்கி மனநிறைவை நூலாக்கித் திரித்த பூணூல் இருந்தால் போடுங்கள் என்று மறுத்தவரும் அவரே. அவர் வழியில் வந்த ஒன்பதாம் குரு தேக் பகதூரிடம் காஷ்மீர்ப் பண்டிதர்கள் தங்கள் மதத்தைக் காக்கும்படி முறையிட்டதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. 1675-இல் டெல்லி சாந்தினி சவுக்கில், ஔரங்கசீப்பின் ஆட்சியில், அவர் தலை வெட்டப்பட்டது. தங்கள் குருமார் வேண்டாம் என்று ஒதுக்கிய பூணூலை இன்னொருவர் அணியும் உரிமைக்காக உயிர் கொடுத்தவர் என்றே இன்றும் அவரைப் போற்றுகிறார்கள். பிடிப்பில்லாத மனிதரால் இதைச் செய்திருக்க முடியாது என்பது என் திடமான எண்ணம்.

பஞ்சாபில் உள்ள மாலேர்கோட்லா என்ற ஊரையும் சொல்ல வேண்டும். தேக் பகதூரின் மகனும் பத்தாம் குருவுமான கோவிந்த் சிங்கின் இரண்டு சின்னஞ்சிறு மகன்களைச் சிர்ஹிந்தில் உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்ட ஆணையிட்டபோது, அதை எதிர்த்துப் பேசியவர் அவ்வூர் நவாப் ஷேர் முகமது கான். குருவுக்கு எதிராகப் போர் செய்தவர்தான் அவரும். அந்த எதிர்ப்பைச் சீக்கியர்கள் மறக்கவில்லை. 1947-இல் பிரிவினையின்போது பஞ்சாப் பற்றி எரிந்தபோது மாலேர்கோட்லாவின் முஸ்லிம்கள் பத்திரமாக இருந்தார்கள். நவாப் எழுப்பிய அந்தக் குரலின் பெயரால், 'ஹா தா நாரா' என்று, அந்த ஊரில் ஒரு குருத்வாராவே இருக்கிறது.